வகுப்பில் என்னை டேப் ரெக்கார்டராக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்

ஜப்பானில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த கடிதம் இது. ஊர், பெயர், கம்பெனி எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்து, தமிழ்நாட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருஷம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவர். போன ஏப்ரலில் ஒரு தனியார் நிறுவனம் மூலம் ஜப்பானில் உதவி ஆங்கில ஆசிரியராக, அங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி ஏ.எல்.டி.யாக, சேர்ந்திருக்கிறார். ஒரு ஜூனியர் ஹைஸ்கூல், இரண்டு தொடக்கப் பள்ளிகள். "ஐம்பது நிமிஷ வகுப்பில் ஜப்பானிய ஆசிரியர் என்னைப் பத்து வரி வாசிக்கச் சொல்கிறார். பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். மீதி நேரம் பின்சுவர் ஓரமாக நிற்கிறேன்" என்கிறார். கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, தான் அமெரிக்கர் இல்லை என்பதால்தானோ என்று சந்தேகம். ஜூன் மாதம், கூட இருக்கும் ஜப்பானிய ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய ஒரு பிழையை வகுப்பிலேயே திருத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஆசிரியர் காலை வணக்கத்தோடு சரி. ஒருநாள் வகுப்புக்குப் போனால் அறை காலி, எல்லாரும் விளையாட்டு விழா ஒத்திகையில். யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பணம். ஆகஸ்டில் பாதிச் சம்பளம், வாரம் 29.5 மணி நேரம் என்பதால் இன்ஷூரன்ஸ் கிடையாது, லீவு கேட்டால் "பள்ளி விடுமுறையில் எடுங்கள்". விட்டுப் போனால் அபராதம் கட்ட வேண்டும் என்றும் கம்பெனி சொல்லியிருக்கிறதாம். துணைத் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி முறையிடலாமா, இல்லை வேலையை விட்டுவிடலாமா, விட்டால் விசா அன்றைக்கே ரத்தாகிவிடுமா? இதுதான் கேள்வி. கூடவே ஒரு ஆதங்கம்: "பி.எட். படித்த எனக்கு ஏன் ஒரு வகுப்பைத் தனியாகத் தரவில்லை?"

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. இதே வேலையை எட்டு வருஷம் பார்த்தவன், இப்போது போகப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் சொல்வது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பி.எட். விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஜப்பான் அரசுப் பள்ளியில் வகுப்புக்குப் பொறுப்பேற்க அந்த நாட்டு ஆசிரியர் உரிமம் வேண்டும். நம் பி.எட். அங்கே அப்படியே செல்லாது. வெளிநாட்டுத் தகுதி உள்ளவர்களுக்கு மாகாணக் கல்வி வாரியம் தரும் சிறப்பு உரிமம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் வந்த ஏழாவது மாதத்தில் யாருக்கும் அது கிடைப்பதில்லை. ஆகவே பாடம் என்ன, மதிப்பெண் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஆசிரியர் கையில்தான் இருக்கும். 'உதவி' என்ற சொல் உங்களைச் சிறுமைப்படுத்த வைத்ததில்லை, சட்டப்படி உங்கள் இடம் அது. இதை ஜீரணிக்க எனக்கே ஒரு வருஷம் ஆனது.

அவர் பேசாததற்கு வேறு காரணம் இருக்கலாம்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாடத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் 'உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள்' என்கிறார்." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இதைக் கோபம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது பயம் மாதிரித் தெரிகிறது.

ஏ.எல்.டி.க்கள் மூன்று வழியில் வருகிறார்கள். ஒன்று, நகரத்தின் கல்வி வாரியமே நேரடியாக வேலைக்கு வைப்பது. வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருகிறவர்களும் இப்படி உள்ளாட்சியின் ஊழியர்கள்தான், அதிகபட்சம் 5 வருஷம் இருக்கலாம். இரண்டாவது 'ஹாகென்': சம்பளம் கம்பெனி தரும், அன்றாட வேலையைப் பள்ளி சொல்லலாம். மூன்றாவது 'கியோமு இதாகு', அதாவது ஒட்டுமொத்தமாகக் காண்ட்ராக்ட். நம் ஊரில் வீடு கட்டக் கொடுத்தால் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம்தான் பேசுவார், கொத்தனாரை நேராக ஏவ மாட்டார் இல்லையா, அதுதான், ஆனால் இங்கே அது வழக்கம் மட்டுமில்லை, சட்டம். நீங்கள் இதாகு முறையில் வந்தவராக இருந்து, அந்த ஆசிரியர் உங்களிடம் "இந்தப் பயிற்சியை இப்படிச் செய்யுங்கள்" என்று நேராகச் சொன்னால் அது 'கிஸோ உகெஓய்', போலி காண்ட்ராக்ட் என்று தொழிலாளர் துறை சொல்லும். மாட்டிக்கொள்வது கல்வி வாரியம். அதனால் சில ஊர்களில் வாரியமே ஆசிரியர்களிடம், ஏ.எல்.டி.யோடு பாடத் திட்டம் பேசாதீர்கள், எதுவானாலும் கம்பெனி மூலமாகப் போங்கள் என்று சொல்லிவைக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு பேர் நின்று பாடம் நடத்த வேண்டும், ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் எதுவும் சொல்லக் கூடாது! இந்த ஏற்பாட்டை யோசித்தவரை ஒரே ஒரு பீரியட் அதில் நிறுத்திவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எனவே இந்த வாரமே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, நான் ஹாகெனா, இதாகுவா என்று கேளுங்கள். ஹாகென் என்றால், பள்ளியில் உங்களுக்கு வேலை சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று பெயரோடு ஒரு தாள் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய எழுத்தில் ஹாகென் இரண்டெழுத்து, கியோமு இதாகு நாலெழுத்து. அந்த எழுத்தான கான்ஜி தெரியாவிட்டாலும் மொபைல் கேமராவைக் காட்டினால் தெரிந்துவிடும். பதில் ஹாகென் என்று வந்தால் கீழே சொல்வதையெல்லாம் ஆசிரியரிடமே தாராளமாகப் பேசலாம். இதாகு என்றால் அதையே எழுதி, கம்பெனியில் உங்களைப் பார்த்துக்கொள்கிற ஒருங்கிணைப்பாளர் வழியாக அனுப்புங்கள். மழை, பேஸ்பால், மதியச் சாப்பாடு பற்றிப் பேச எந்த ஒப்பந்தமும் தடை போடவில்லை.

கரும்பலகைப் பிழை

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். முதல் வருஷம், முப்பத்தைந்து பிள்ளைகள் முன்னால், ஒரு மூத்த ஆசிரியர் எழுதிய வாக்கியத்தில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சாக்பீஸால் நானே சேர்த்தேன். அவர் சிரித்தபடி நன்றி சொன்னார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. நம் ஊரிலும் ஹெச்.எம். எழுதியதைப் பிள்ளைகள் முன்னால் நீங்கள் திருத்தியிருக்க மாட்டீர்கள்தானே? இங்கே மட்டும் ஏன் செய்தோம்? ஆங்கிலம் நம் கையில் இருக்கிறது என்ற தைரியம்தான்.

பிழையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது மெல்லப் பக்கத்தில் போய், "சென்செய் (ஆசிரியரே), இந்த இடத்தை நான் சரியாகப் படிக்கிறேனா?" என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும், அவரே திருத்திவிடுவார். நடந்ததற்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். ஐந்து மாதம் கழித்தா என்று யோசிக்க வேண்டாம். நீளமாக விளக்கவும் வேண்டாம், "ஜூன் மாதம் வகுப்பில் அப்படிச் செய்தது என் தவறு" என்று ஒரு வரி.

நேரில் வேண்டாம், எழுதிக் கொடுங்கள். ஜப்பானிய ஆங்கில ஆசிரியர்கள் பலருக்கு வாசிப்பும் எழுத்தும் நன்றாக வரும், பேச்சுக்குத்தான் கூச்சம், அதுவும் ஆசிரியர் அறையில் மற்றவர்கள் காது கேட்க. நான் கடைசியில் கண்டுபிடித்த வழி ஒரு நோட்டு. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய சாதாரண நோட்டு, அட்டையில் எங்கள் இருவர் பெயர். வகுப்பு முடிந்ததும் இரண்டு வரி எழுதி அவர் மேசையில் வைப்பேன்: இன்று எது சரியாகப் போனது, அடுத்த முறை எனக்கு முதல் ஐந்து நிமிஷம் தர முடியுமா. அதுவரை என்னிடம் "குட் ஜாப்" தவிர எதுவும் பேசியிராத மனிதர், மறுநாள் காலை ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். பொடிப் பொடியான கையெழுத்து, பென்சிலில், அழித்து அழித்து எழுதிய தடம் தாளில் இருந்தது. பத்து வருஷமாக இந்தப் பாடப் பகுதி தனக்குப் பிடிக்கவே இல்லை என்று எழுதியிருந்தார்!

கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள். உங்கள் ஆசிரியருக்கு இப்போது நவம்பர். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் சில மாதத்தில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் மூவரும் உட்கார்ந்து எந்தப் பள்ளிக்கு எழுதுவது என்று பேசும் சந்திப்புகள் வேறு நடக்கும் சமயம். மாலையில் கிளப் பயிற்சியும் அவர் தலையில்தான். அவரிடம் போய் "முழு வகுப்பையும் நான் நடத்துகிறேன்" என்றால் அவருக்கு அது இன்னொரு சுமை. பேச்சுத் தேர்வில் உதவட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். 2021 முதல் ஜூனியர் ஹைஸ்கூலில் நடப்பில் உள்ள பாடத்திட்டம் பேச்சை உரையாடல், எடுத்துரைத்தல் என்று இரண்டாகப் பிரித்து மதிப்பிடச் சொல்கிறது. ஒரே ஆள் முப்பத்தைந்து பேரைத் தனித்தனியாகப் பேசவைத்துக் கேட்க முடியாது. தாழ்வாரத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம். அவர் உள்ளே பாடம் நடத்துவார், நீங்கள் வெளியே கேட்டுக் குறிப்பு எழுதித் தருவீர்கள், மதிப்பெண் அவர் போடுவார். இதில்தான் நீங்கள் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகும். சுவரோரம் நிற்பது அதற்கப்புறம் தானாகக் குறையும்.

நேர அட்டவணை விஷயம் சின்னது. சொல்ல மறந்துவிடுவார்கள், வேண்டுமென்று இல்லை. ஆசிரியர் அறையில் துணைத் தலைமையாசிரியர் இருக்கைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய வெள்ளைப் பலகை இருக்கும். அன்றைய மாற்றங்கள் எல்லாம் அதில்தான். கிழமைகள், எண்கள், 'ஹென்கோ' என்ற 'மாற்றம்', இவ்வளவு கான்ஜி தெரிந்தால் போதும், தினம் காலை வந்ததும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், பிள்ளைகள் பெயர் அதில் இருக்கலாம். அப்படியே ஜப்பானிய மொழியும் படியுங்கள். வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டும். அமெரிக்கரைவிட நமக்கு வாக்கிய அமைப்பு சீக்கிரம் பிடிபடும்.

பிள்ளைகளின் மௌனம்

"எனி கொஸ்டியன்ஸ்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறீர்கள், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அமெரிக்கராக இருந்திருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்த எல்லா ஏ.எல்.டி.க்கும் இதே புகார்தான். "யெஸ் மிஸ்" என்று கூரை அதிரக் கத்தும் வகுப்பிலிருந்து போனதால் உங்களுக்குக் கூடுதலாக உறைக்கிறது. எல்லார் முன்னாலும் தனியாக எழுந்து தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. முதலில் பக்கத்துப் பிள்ளையோடு முப்பது விநாடி பேசச் சொல்லுங்கள், அப்புறம் "உன் நண்பன் என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். தப்பானால் அது நண்பனுடைய தப்பு, தைரியமாகச் சொல்வார்கள். ஒருவனைக் கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பின்னால் திரும்பி நண்பனிடம் கேட்பான். காப்பியடிக்கிறான் என்று அதட்டாதீர்கள், அங்கே அது சாதாரணம். அதட்டல் என்றதும் இன்னொன்று: காது திருகுவது, தலையில் தட்டுவது எதுவும் கூடவே கூடாது, பள்ளிக் கல்விச் சட்டம் 11-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. நீங்கள் செய்வீர்கள் என்று சொல்லவில்லை.

உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு கூச்சம் வேண்டாம். ஜப்பானியப் பிள்ளைகள் ஏன் 'பஸு', 'ராய்தோ', 'காதோ' என்று சொல்கிறார்கள் என்பது அமெரிக்கருக்குப் புரியாத புதிர். நமக்கு? பஸ்ஸு, லைட்டு, கார்டு! மெய்யெழுத்தில் முடிந்தால் ஒரு உகரம் போடாமல் நம் நாக்கும் அடங்காது. அவர்களுக்கும் அதே கதை, நாம் அதை எப்படித் தாண்டினோம் என்று செய்து காட்டலாம். ஃப் ஒலி வராமல் நாம் காபி என்றோம், அவர்கள் கோஹீ என்றார்கள். இதை ஒருநாள் கரும்பலகையில் மூன்று பத்தியாக எழுதினேன், ஆங்கிலம், தமிழ், ஜப்பான் என்று. கடைசி வரிசையில் எப்போதும் தூங்கும் பையன் தலையைத் தூக்கி, "சென்செய், உங்களுக்கும் வராதா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டான். அதற்கப்புறம் அவன் என்னிடம் பேசாத நாளில்லை.

தொடக்கப் பள்ளியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் உங்கள் திறமைக்கு இடம் அங்கேதான் அதிகம். 2020 முதல் 3, 4-ஆம் வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 35 பீரியட் ஆங்கிலச் செயல்பாடு, 5, 6-க்கு அது முறையான பாடம், 70 பீரியட். பல பள்ளிகளில் நடத்துவது ஆங்கில ஆசிரியர் இல்லை, வகுப்பாசிரியர், அங்கே 'தன்னின்' என்பார்கள். பலருக்கு ஆங்கிலம் என்றாலே வயிற்றைக் கலக்கும். உங்கள் ஆறு வருஷ அனுபவம் அங்கே நேராகப் பயன்படும். மதியச் சாப்பாட்டை ஆசிரியர் அறையில் தனியாகச் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள், மாட்டிறைச்சி இருக்குமோ என்ற பயத்தில். மாதத் தொடக்கத்தில் உணவுப் பட்டியல் தருவார்கள். அதில் அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் டப்பா கொண்டுவருகிறேன் என்று பள்ளியிடம் சொல்லிவிட்டு, வகுப்பில் பிள்ளைகளோடு உட்காருங்கள். மிஞ்சிய ஒரு புட்டிங்குக்காகப் பதினோரு வயசுப் பிள்ளைகள் கல்-கத்தரி-காகிதம் ஆடும்போது நீங்களும் கையை நீட்டினால், நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் நடக்காதது அங்கே நடக்கும்.

சம்பளம், லீவு, விசா

துணைத் தலைமையாசிரியரிடம் சம்பளத்தைப் பற்றிப் போக வேண்டாம். அவர் உங்கள் முதலாளி இல்லை, அவரால் எதுவும் செய்யவும் முடியாது, சங்கடம்தான் மிச்சம். இது கம்பெனியோடு பேச வேண்டியது.

லீவு: ஆறு மாதம் முடிந்து, வேலை நாட்களில் 80 சதவீதம் வந்திருந்தால், உங்களைப் போல் வாரம் ஐந்து நாள் போகிறவருக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஊழியர் தரப்போடு எழுத்தில் உடன்பாடு இருந்தால் சில நாட்களைக் கம்பெனி பள்ளி விடுமுறையில் நிர்ணயிக்கலாம், ஆனால் 5 நாளாவது நீங்கள் கேட்கும் தேதிக்கு மிச்சம் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ்: 29.5 என்ற விசித்திரமான எண், இன்ஷூரன்ஸ் கட்டாயமாகும் 30-ஐத் தொடாமல் இருக்க வைத்தது. பழைய கணக்கு அது. 2024 அக்டோபரிலிருந்து, 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தாலே, உங்கள் அளவு சம்பளத்துக்கு, உடல்நல இன்ஷூரன்ஸிலும் ஓய்வூதியத்திலும் சேர்த்தாக வேண்டும். கம்பெனியில் எத்தனை பேர் என்று பாருங்கள். சேர்த்தால் கையில் வருகிற பணம் குறையும், அதற்கும் தயாராக இருங்கள். இன்னொரு குறைப்பும் வருகிறது: வசிப்பிட வரி இந்த வருஷம் உங்களுக்கு இல்லை, அடுத்த ஜூனில் தொடங்கும்.

ஆகஸ்ட் சம்பளம்: ஒப்பந்தத்தில் அந்த மாதத்துக்கு இவ்வளவுதான் என்று தெளிவாக எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். எழுதாமல் குறைத்திருந்தால் கதை வேறு, கம்பெனி தன் காரணத்துக்காக உங்களை வேலையில்லாமல் வைத்தால் சராசரிச் சம்பளத்தில் 60 சதவீதமாவது தர வேண்டும். உங்கள் பகுதித் தொழிலாளர் தர மேற்பார்வை அலுவலகத்தில் இதைக் காட்டலாம், காசு வாங்க மாட்டார்கள்.

அபராதம்: வேலையை விட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதுவதைத் தொழிலாளர் தரச் சட்டம் 16-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் நாளைக்கே விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கத் தவிர்க்க முடியாத காரணம் வேண்டும்.

விசா அன்றைக்கே ரத்தாகாது. வேலையை விட்டால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், தகுந்த காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் அந்த வேலையில் இல்லாமல் இருந்தால்தான் ரத்து செய்ய முடியும். உங்களுடையது பள்ளி ஆசிரியருக்கான விசா என்பதால் இன்னொரு பள்ளிக்கு மாறலாம். தனியார் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போவதென்றால் விசா வகையை மாற்ற வேண்டும், சாயங்காலம் பகுதிநேரமாகப் போவதற்கும் தனி அனுமதி வேண்டும்.

என் யோசனை, மார்ச் வரை இருங்கள். ஏப்ரலுக்கான நேரடி நியமன விளம்பரங்களைக் கல்வி வாரியங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் போடும். கம்பெனி அடுத்த வருஷ ஒப்பந்தத்தை நீட்டுவதும் அப்போதுதான், ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதச் சம்பளம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நேரடி நியமன நேர்காணலில் "ஜப்பானிய ஆசிரியரோடு எப்படி வேலை செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குச் சொல்லப் பேச்சுத் தேர்வும் ஒரு நோட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

கம்பெனியிலிருந்து பதில் வந்ததும், ஹாகெனா இதாகுவா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இதாகு என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அடுத்த முறை சேர்ந்தே எழுதலாம்.